மூன்றாம் வரிசையின் விலை

ஏழு பேர் அமரும் கார் வாங்கச் செல்லும் குடும்பம் விற்பனையகத்தில் முதலில் கேட்பது, ‘மைலேஜ் எவ்வளவு?’ என்பதையே. விற்பனையாளரும் தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறார். அந்த எண் பொய்யன்று. எனினும், அதைக் கொண்டு மட்டும் வீட்டுச் செலவுக் கணக்கை எழுத இயலாது. ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறோம், எவ்வளவு கடன் வாங்குகிறோம், மூன்றாம் வரிசையில் உண்மையில் யார் அமரப்போகிறார் என்ற மூன்றும் தெரிந்த பின்னரே அந்த எண்ணுக்குப் பொருள் கிடைக்கிறது. ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் அளவில் ஓட்டும் குடும்பம் மைலேஜுக்காகப் பெருந்தொகை கூடுதலாகக் கொடுப்பது பெரும்பாலும் சிக்கனமாகாது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

2000இல் டொயோட்டா குவாலிஸ், 2005இல் இன்னோவா, 2012இல் மாருதி எர்டிகா என்று வளர்ந்த இச்சந்தையில் இன்று கியா காரென்ஸ், மஹிந்திரா ஸ்கார்பியோ-என், டாடா சஃபாரி, ஹூண்டாய் அல்கசார், இன்னோவா ஹைகிராஸ் எனப் பல கார்கள் உள்ளன. சிலவற்றை எஸ்.யு.வி. என்றும் சிலவற்றை எம்.பி.வி. என்றும் நிறுவனங்கள் அழைக்கின்றன. வாங்குவோர் பார்ப்பது மூன்று வரிசை இருக்கைகளையே. ஆதலால் அவற்றை ஒன்றாக வைத்து ஒப்பிடுவதே முறை.

நிறுவனங்கள் அறிவித்துள்ள அளவுகளின்படி, எர்டிகா பெட்ரோல் மேனுவல் லிட்டருக்கு 20.51 கிலோமீட்டர் தருகிறது. ஹைகிராஸ் சாதாரண பெட்ரோல் வகை 16.13, அதன் ஹைபிரிட் வகை 23.24. சஃபாரி டீசல், மேனுவல் கியரில் 16.3, ஆட்டோமேட்டிக்கில் 14.5. இவை ஆய்வுக்கூடத்தில், உருளைகளின்மேல் காரை ஓட்டி, குளிர்சாதனத்தை அணைத்துவைத்து, மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் அளக்கப்படுபவை. மும்பையின் மாலை நெரிசலிலும் தில்லியின் மே மாத வெயிலிலும் இதே எண்களை எதிர்பார்ப்பது பொருந்தாது. ஒரே சோதனைக்கு உட்பட்ட இரு கார்களை ஒப்பிட மட்டுமே இவை உதவும்.

அந்த ஒப்பீட்டிலும் ஒரு மயக்கம் உண்டு. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் காரை விடுத்து 12 தரும் காரை வாங்கினால் ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டத்தில் 200 லிட்டர் மிஞ்சும். 20 தரும் காரை விடுத்து 24 தரும் காரை வாங்கினால் மிஞ்சுவது 100 லிட்டர்தான். காதுக்கு நான்கு கிலோமீட்டர் முன்னேற்றம் பெரிதாகத் தோன்றுகிறது. பணத்தை அதிகம் காப்பதோ இரண்டு கிலோமீட்டர் முன்னேற்றம். ஆகவே ‘லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்’ என்பதை விடுத்து, ‘ஆண்டுக்கு எத்தனை லிட்டர்’ என்று கேட்பதே சரியான வழி.

ஒரே உடலமைப்பில் இருவகை எஞ்சின்களுடன் வருவதால் ஹைகிராஸ் இக்கணக்குக்கு நல்ல எடுத்துக்காட்டு. சோதனை அளவுகளின்படி ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டருக்குச் சாதாரண பெட்ரோல் வகைக்கு 744 லிட்டரும் ஹைபிரிட் வகைக்கு 516 லிட்டரும் தேவை. வேறுபாடு 228 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் ஆண்டுச் சேமிப்பு 22,800 ரூபாய். மாதத்துக்கு 1,900 ரூபாய். இனி மறுபக்கம் பார்ப்போம். இரண்டுக்கும் விலை வேறுபாடு ஐந்து இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அத்தொகையை 9 விழுக்காடு வட்டியில் ஏழாண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 8,045 ரூபாய். மாதம் 1,900 ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக எண்ணாயிரம் ரூபாய் தவணை கட்டுவதைச் சிக்கனம் என்று எவரும் கூறார்.

இதற்கு மறுப்பும் உண்டு, அது நியாயமானதே. நின்று நின்று செல்லும் நகர ஓட்டத்தில், பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை ஹைபிரிட் மின்கலத்தில் சேமித்துக்கொள்கிறது. அங்கே சாதாரண வகை லிட்டருக்கு 10 கிலோமீட்டராக இறங்கி, ஹைபிரிட் 17இல் நின்றால், ஆண்டுச் சேமிப்பு 49,000 ரூபாயைத் தாண்டும். மறுவிற்பனையிலும் கூடுதல் விலையின் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஆண்டுக்கு முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நகருக்குள் ஓட்டுவோருக்கு ஹைபிரிட் சிறந்த தேர்வு என்பதில் ஐயமில்லை. அமைதியான ஓட்டத்துக்காகவும் குறைந்த புகைக்காகவும் அதை விரும்புவோர் தாராளமாக வாங்கலாம். அவர்கள் கொடுப்பது வசதிக்கான விலை என்பதை உணர்ந்து கொடுக்கட்டும்.

சி.என்.ஜி.யின் கணக்கு வேறு. எர்டிகாவின் சி.என்.ஜி. வகை ஒரு கிலோவுக்கு 26.11 கிலோமீட்டர் தருவதாக அறிவிக்கப்பட்டுள்ளது. எரிவாயு கிலோ 90 ரூபாய் என்றால் 12,000 கிலோமீட்டருக்கு ஆகும் செலவு ஏறத்தாழ 41,400 ரூபாய். பெட்ரோலில் அது 58,500. பெட்ரோல் வகையைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் விலை ஓர் இலட்சத்தை ஒட்டியது என்று கொண்டால் ஆறாண்டுக்குள் ஈடாகும். ஓட்டம் இருமடங்கானால் மூன்றாண்டே போதும். இழப்பது இடத்தை. மூன்றாம் வரிசைக்குப் பின்னே எர்டிகாவில் உள்ள 209 லிட்டர் சாமான் இடத்தில் பெரும்பகுதியைச் சிலிண்டர் எடுத்துக்கொள்கிறது. ஏழு பேர் ஏறினால் ஏழு பேரின் பெட்டிகளுக்கு இடமில்லை.

டீசலுக்கு நெடுஞ்சாலையே உற்ற இடம். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பின்னர், டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நீண்ட, சீரான ஓட்டத்தில்தான் அது சூடேறித் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். பள்ளிக்கும் காய்கறிச் சந்தைக்கும் மட்டும் செல்லும் டீசல் காரில் வடிகட்டி அடைத்துக்கொண்டு, எரிபொருளில் மிஞ்சியது பணிமனையில் செலவாக நேரும். மாதந்தோறும் வெளியூர் செல்லும் குடும்பத்துக்கு மட்டுமே டீசலைப் பரிந்துரைக்கலாம்.

எஞ்சினைவிட முதன்மையான கேள்வி, ஏழு இருக்கைகள் வேண்டுமா என்பதே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பத்தின் சராசரி அளவு ஐந்து பேருக்குச் சற்றுக் குறைவு. தாத்தாவும் பாட்டியும் உடன் வாழும் வீட்டில் மூன்றாம் வரிசை ஆடம்பரமன்று. எல்லாரும் ஒரே காரில் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் செல்ல முடிவது பெரும் பேறு. ஆனால் ஆண்டில் நான்கைந்து முறை உறவினர் வருவர் என்பதற்காக மட்டும் பெரிய கார் வாங்குவோர் சற்றே கணக்கிட வேண்டும். ஐந்து இருக்கைக் காருக்கும் ஏழு இருக்கைக் காருக்கும் விலை வேறுபாடு மூன்று இலட்சம் என்றால், மேற்சொன்ன வட்டியில் அதற்கான தவணை ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 ரூபாய். கிலோமீட்டருக்கு 20 ரூபாய் வாடகையில் அத்தொகைக்கு, ஓட்டுநர் படியும் சுங்கமும் நீங்கலாக, 2,900 கிலோமீட்டர் பெரிய காரில் ஆண்டுதோறும் பயணம் செய்யலாம்.

நான்கு மீட்டருக்கு உட்பட்ட கார்களையும் புறக்கணிக்கலாகாது. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் உடைய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாகக் குறைந்தது. நான்கு மீட்டருக்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல் கார்களுக்கு, முன்பிருந்த கூடுதல் தீர்வை நீங்கி, வரி 40 விழுக்காடாயிற்று. மூவரிசைக் கார்களில் பெரும்பாலானவை 40 விழுக்காட்டில் அடங்க, ரெனால்ட் டிரைபர் 18 விழுக்காட்டில் அடங்குகிறது. அதன் மூன்றாம் வரிசை இருக்கைகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, வேண்டியபோது பொருத்திக்கொள்ளலாம். வளர்ந்தவர்களுக்கு அங்கே நெடுந்தூரப் பயணம் கடினம், குழந்தைகளுக்குப் போதும்.

சிக்கனத்தின் பெயரால் விட்டுக்கொடுக்கக் கூடாதது ஒன்று உண்டு. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் கார்களுக்கு நட்சத்திர மதிப்பு வழங்கப்படுகிறது. கடைசி வரிசையில் அமர்வோர் பெரும்பாலும் பிள்ளைகளே. அவ்விருக்கைகளில் மும்முனை இருக்கைப் பட்டையும் தலைத்தாங்கியும் உள்ளனவா என்று கையால் தொட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இறுதியாக, எரிபொருளைவிடப் பெரிய சேமிப்பு கடன் பத்திரத்தில் இருக்கிறது. பத்து இலட்சம் ரூபாய்க் கடனை 9 விழுக்காட்டில் ஏழாண்டுகளில் அடைத்தால் தவணை 16,089 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 3.51 இலட்சம். அதையே ஐந்தாண்டுகளில் அடைத்தால் தவணை 20,758 ரூபாய், வட்டி 2.46 இலட்சத்துக்குள் அடங்கும். மிஞ்சுவது ஓர் இலட்சத்து ஆறாயிரம் ரூபாய். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் காரை அத்தொகைக்குரிய பெட்ரோலில் ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர் ஓட்டலாம். சராசரிக் குடும்பத்துக்கு அது ஓராண்டுக்கும் மேற்பட்ட எரிபொருள்.

எனவே முன்பதிவுத் தொகை செலுத்தும் முன் ஒரு தாளில் நான்கு எண்களை எழுதிக்கொள்வது நலம்: கடந்த ஆண்டு ஓடிய கிலோமீட்டர், ஐவருக்கு மேல் ஒன்றாகப் பயணம் செய்த நாள்கள், இரு கார்களுக்கும் ஆண்டுக்கு ஆகும் லிட்டர், கடன் முடியும்வரை கட்டும் மொத்த வட்டி. பழைய காரின் சர்வீஸ் ரசீதுகளிலேயே முதல் எண் கிடைத்துவிடும். விலை வேறுபாட்டுக்கான தவணை எரிபொருள் சேமிப்பைவிட மும்மடங்கு என்று அத்தாள் காட்டினால், விலை குறைந்த வகையைத் தேர்ந்து, மிஞ்சும் தொகையைப் பிள்ளைகளின் கல்விக்காகத் தொடர் வைப்பில் போடுவதே குடும்பத்துக்கு உகந்தது.