பலகையில் எழுதுவதும் பிள்ளைகள் வாசிப்பதும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுவதையும் வாசியுங்கள். பாடசாலை, பள்ளிவாசல், சனசமூக நிலையம், விளையாட்டுக் கழகம் என்று ஏதாவது ஒன்றில் பொறுப்பில் இருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

எங்கள் நாட்டில் எந்தப் பாடசாலைக்குப் போனாலும் அதிபர் அலுவலகத்துக்கு அருகில் 'தூரநோக்கு', 'பணிக்கூற்று' என்று ஒரு பலகை இருக்கும். ஒழுக்கம், ஒற்றுமை, அறிவு, மனிதநேயம் என்று நல்ல வார்த்தைகள்தான் எழுதியிருப்பார்கள். சங்கங்களின் யாப்பிலும் இதே வார்த்தைகள்தான். பாரபட்சம் காட்டுவோம், கணக்குக் காட்டமாட்டோம் என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

ஆனால் ஒரே மாதிரிப் பலகை உள்ள இரண்டு பாடசாலைகளின் உள்ளே போய்ப் பாருங்கள். ஒன்றில் ஓர் ஆசிரியர் சுகயீனமாக லீவு எடுத்தால் மற்றவர்கள் யாரும் சொல்லாமலே அவருடைய வகுப்பைப் பார்த்துக்கொள்வார்கள். மற்றதில் அந்த 40 நிமிடமும் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள், "அது என்ர பாடவேளை இல்லை" என்று பக்கத்து வகுப்பு ஆசிரியர் கதவைச் சாத்துவார். இரண்டு இடத்திலும் சம்பளமும் சுற்றறிக்கையும் ஒன்றுதான். வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

என் கருத்து இதுதான். பிள்ளைகளும் ஆசிரியர்களும் பலகையை வாசிப்பதில்லை, தலைமையில் இருப்பவரைத்தான் வாசிக்கிறார்கள். அவர் எதற்கு நேரம் ஒதுக்குகிறார், யாருடைய தவறைக் கண்டும் காணாமல் விடுகிறார், எதை இழக்கத் தயாராக இருக்கிறார் என்பதையெல்லாம் தினமும் பார்க்கிறார்கள். அந்த இடத்தின் விழுமியம் என்று அவர்கள் மனதில் பதிவது அதுதான்.

இதற்கு எங்கள் மார்க்க வரலாற்றில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு உம்ராவுக்காகப் புறப்பட்ட நபி (ஸல்) அவர்களும் ஏறத்தாழ 1400 ஸஹாபாக்களும் ஹுதைபியாவில் தடுக்கப்பட்டார்கள். அங்கே உடன்படிக்கை எழுதப்பட்டது. இந்த வருடம் மக்காவுக்குள் போகாமல் திரும்ப வேண்டும். மக்காவிலிருந்து யாராவது தப்பி வந்தால் அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஸஹாபாக்களுக்கு இதைத் தாங்க முடியவில்லை. உடன்படிக்கை முடிந்ததும், எழுந்து பலிப்பிராணிகளை அறுத்துத் தலைமுடியை மழித்துக்கொள்ளுங்கள் என்று நபியவர்கள் மூன்று முறை சொன்னார்கள். ஒருவரும் எழும்பவில்லை.

நபியவர்கள் கூடாரத்துக்குள் போய்த் தம் மனைவி உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் நடந்ததைச் சொன்னார்கள். யாரிடமும் எதுவும் பேசாமல் வெளியே போங்கள், உங்கள் ஒட்டகத்தை அறுங்கள், முடி மழிப்பவரை அழைத்து மழித்துக்கொள்ளுங்கள் என்று அவர் ஆலோசனை சொன்னார். நபியவர்கள் அப்படியே செய்தார்கள். அதைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து தாங்களும் அதையே செய்தார்கள்.

இதில் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். முதலாவது, எழும்பாமல் இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர், உயிரையும் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள். அவர்களுடைய மனம் பாரமாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு குழு அசையாவிட்டால் உடனே "இவங்களுக்கு ஒத்துழைப்பில்லை" என்று தீர்ப்புச் சொல்கிறோமே, அதற்கு முன் அவர்கள் மனதில் என்ன பாரம் என்று கேட்க வேண்டும். இரண்டாவது, மூன்று முறை சொல்லியும் நடக்காததை ஒரு செயல் நடத்தி வைத்தது. நபியவர்கள் தம் குரலை உயர்த்தவில்லை. மூன்றாவதை நாங்கள் அடிக்கடி மறந்துவிடுகிறோம். தலைவர் தம் சங்கடத்தை இன்னொருவரிடம் சொன்னார், ஆலோசனை கேட்டார், அதை ஏற்றுக்கொண்டார். ஆலோசனை சொன்னவர் ஒரு பெண்.

இனி எங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பார்ப்போம். அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். 1935இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். அந்தக் காலத்தில் மிக உயர்வாக மதிக்கப்பட்ட உத்தியோகங்களில் அது ஒன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்து உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொறுப்பைப் பார்த்தார். அங்குள்ள முஸ்லிம் பிள்ளைகளின் கல்வி நிலையை நேரில் கண்டதும் அங்கேதான். சுவாமி விபுலாநந்தரின் நட்பு கிடைத்ததும் அங்கேதான்.

1948இல் நாடு சுதந்திரம் பெற்றது. வெள்ளைக்கார அதிகாரிகள் விலகிப்போக, உள்ளூர் அதிகாரிகளுக்கு உச்சப் பதவிகள் திறந்துகொண்டிருந்த நேரம் அது. அதே ஆண்டில் அஸீஸ் சிவில் சேவையை விட்டு விலகி, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். 40 வயதுகூட ஆகவில்லை. ரி.பி. ஜாயாவுக்குப் பின் பொறுப்பேற்று 1961 வரை அங்கே இருந்தார்.

கல்விதான் இந்தச் சமூகத்தின் எதிர்காலம் என்று மேடையில் சொன்னவர்கள் அவருக்கு முன்னும் இருந்தார்கள், பின்னும் இருக்கிறார்கள். அவர் கச்சேரிக் கதிரையை விட்டு பாடசாலைக் கதிரைக்கு வந்தார். முஸ்லிம்களில் முதலாவதாக சிவில் சேவைக்குப் போனவரே வாத்தியார் வேலையைத் தெரிந்தெடுத்தார் என்றால், அந்தப் பாடசாலையில் சோக்குக் கட்டி பிடித்த ஒவ்வோர் ஆசிரியரின் மதிப்பும் உயரத்தானே செய்யும்? படிப்பு முக்கியம் என்று பிள்ளைக்கு வேறு யாராவது விளக்க வேண்டுமா?

இன்னொன்று, வாசல். முஸ்லிம் பிள்ளையான அஸீஸ் சைவப் பாடசாலைகளில் படித்து வளர்ந்தார். பின்னாளில் கரவெட்டியைச் சேர்ந்த கார்த்திகேசு சிவத்தம்பி ஸாஹிராவில் படித்தார், அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். அந்த மாணவர்தான் பின்பு தமிழுலகம் அறிந்த பேராசிரியர் ஆனார். வண்ணார்பண்ணையில் ஒரு பாடசாலை திறந்த வாசலைக் கொழும்பில் இன்னொரு பாடசாலை திறந்து வைத்தது. இன நல்லிணக்கம் என்ற சொல்லை இன்று போல் கருத்தரங்கு வைத்துச் சொல்லாத காலம் அது.

அதே வண்ணார்பண்ணைக்குப் பக்கத்தில், சோனகத் தெருவிலிருந்து 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி எங்கள் மக்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள் என்பதையும் மறக்க முடியாது. பல தலைமுறை கட்டியதை ஆயுதம் ஒரு பின்னேரத்தில் உடைத்தது. திரும்பக் கட்டுவதற்கு அவ்வளவு வேகமான வழி எதுவும் இல்லை. வகுப்பறையிலும் ஆசிரியர் ஓய்வறையிலும் நாளாந்தம் கட்ட வேண்டியிருக்கிறது. தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கும் முஸ்லிம் ஆசிரியர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போக அனுமதி கேட்கும்போது அதிபரின் முகம் எப்படி இருக்கிறது? முஸ்லிம் பாடசாலையில் படிப்பிக்கும் இந்து ஆசிரியை சிவராத்திரிக்கு அடுத்த நாள் கண் சிவந்து வரும்போது எங்களில் யார் அவருடைய முதல் பாடவேளையை வாங்கிக்கொள்கிறோம்? பிள்ளைகள் பார்ப்பது இதைத்தான்.

"முன்மாதிரி, முன்மாதிரி என்று சொல்லி ஒரு மனிதரையே நம்பியிருக்கலாமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அஸீஸ் அதிபராக இருந்த காலத்தை ஸாஹிராவின் பொற்காலம் என்று சொல்வார்கள். அது புகழ்ச்சி மட்டுமல்ல, எச்சரிக்கையும்தான். நல்லவர் ஒருவர் வருகிறார், எல்லாம் திருந்துகிறது. அவர் இடமாற்றம் பெற்றுப் போகிறார், பழைய நிலை திரும்புகிறது. எங்கள் ஊரில் எத்தனை இடங்களில் இதைப் பார்த்திருக்கிறோம்?

அஸீஸுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் தனி மனிதராக உதவி செய்வதோடு நிற்காமல் அமைப்புகளை உருவாக்கினார். 1945இல், அதிபராவதற்கு முன்பே, வறிய மாணவர்கள் உயர்கல்வி கற்க இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடக்கினார். 1950இல் ஊர் ஊராக இருந்த வாலிபர் சங்கங்களை இணைத்து அகில இலங்கை வை.எம்.எம்.ஏ. பேரவையை உருவாக்கினார். 1973இல் அவர் மறைந்த பின்னும் அவை இயங்கின. பிள்ளைக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் ஒருவருடைய சட்டைப்பையில் இருந்தால், அவரோடு போய்விடும். விதிமுறையும் கணக்குப் புத்தகமும் அடுத்த ஆளும் இருந்தால் தங்கும்.

ஆகவே முன்மாதிரி ஒரு காரியத்தைத் தொடக்கி வைக்கும், ஒழுங்கு அதைக் காப்பாற்றும். எங்களுக்கு இரண்டும் வேண்டும்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? மீளக் குடியேறிய எங்கள் குடும்பங்கள் பல இன்னும் ஒரு காலை இங்கேயும் மறு காலைப் புத்தளத்திலும் வைத்திருக்கின்றன. இங்கேயே தங்குவதா என்று ஒரு தாய் முடிவெடுக்கும்போது வீடும் தொழிலும் மட்டும் அவருடைய கணக்கில் வருவதில்லை. பிள்ளை போகும் பாடசாலையில் ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் மதிக்கிறார்களா, மஹல்லாவில் நியாயம் கேட்டால் கிடைக்குமா என்றும் பார்க்கிறார். நாங்கள் சிறிய சமூகம். பதவிக்காக இரண்டு அணியாகப் பிரிந்தால் இரண்டு பக்கத்திலும் ஆள் காணாது. பணம் வந்தால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். பணம் கட்டடம் கட்டும். அதற்குள் யார் தங்குவார்கள் என்பது நாங்கள் நடந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது.

செலவில்லாத மூன்று காரியங்களைப் பொறுப்பில் இருப்பவர்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று: அமானிதத்தைப் பற்றிய பயானுக்கு முன், மாத வரவு செலவை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். பள்ளிவாசலோ பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ, எல்லோருக்கும் இது பொருந்தும். யாரும் கேட்பதற்கு முன்பே ஒட்டுங்கள்.

இரண்டு: இரவு 10 மணிக்கு வட்ஸ்அப் குழுவில் "நாளை அனைவரும் கட்டாயம்" என்று போடுவதோடு நிறுத்தாதீர்கள். ஏன் அந்த முடிவு என்று இரண்டு வரி சேருங்கள். முடிவெடுக்க முன் குறைந்தது ஒருவரிடம் ஆலோசனை கேளுங்கள், அவர் இளையவராகவோ பெண்ணாகவோ இருக்கட்டும். மஷூரா எங்கள் மார்க்கம் கற்றுத் தந்தது. சிரமதானம் என்றால் முதலில் மண்வெட்டியைத் தூக்குங்கள். அகழ் யுத்தத்தில் நபியவர்களும் மண் சுமந்தார்கள்.

மூன்று: நீங்கள் செய்யும் வேலையை இப்போதே இன்னொருவருக்குப் பழக்குங்கள். திறப்பு, வங்கிப் புத்தகம், கோப்பு, தொலைபேசி இலக்கங்கள் எல்லாவற்றையும் அவருக்குத் தெரியவிடுங்கள். நீங்கள் இரண்டு மாதம் ஊரில் இல்லாவிட்டாலும் காரியம் நடந்தால், அதுதான் உங்கள் தலைமைக்குக் கிடைக்கும் நல்ல சான்றிதழ்.

பொறுப்பில் இல்லாத எங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. நல்லபடி நடப்பவரை அவர் முகத்துக்கு நேரே பாராட்டுவோம். பிழை கண்டால் தேநீர்க் கடையில் பேசாமல் அவரிடமே மரியாதையாகச் சொல்லுவோம். சொல்ல ஆளில்லாத தலைவர் கெட்டுப்போவதற்கு நாங்களும் பொறுப்பு.

உங்கள் பாடசாலையில் எந்த அதிபரிடமிருந்து, எந்த ஆசிரியரிடமிருந்து, அவர் வாயால் சொல்லாமலே ஒன்றைக் கற்றுக்கொண்டீர்கள்? நேரம் எடுத்துக் கீழே எழுதுங்கள். எங்கள் பிள்ளைகளும் வாசிக்கட்டும்.

சொல்வதைச் செய்பவர்களாக அல்லாஹ் எங்கள் எல்லோரையும் ஆக்குவானாக. வஸ்ஸலாம்.