ஃபிரிட்ஜ் கதவில் பாதி பாட்டில்

வல்லம் வடகாலில் எங்கள் வரிசை வீடுகளில் எந்த ஃபிரிட்ஜைத் திறந்தாலும் கதவுத் தட்டில் பாதி பாட்டில் ஆன்டிபயாட்டிக் மருந்து நிற்கும். பொடியில் ஆறவைத்த தண்ணீரை ஊற்றிக் குலுக்கிய சிரப். மூடியின் ஓரத்தில் காய்ந்த இனிப்பு பிசுபிசுக்கும். எந்தக் காய்ச்சலுக்கு வாங்கியது என்று யாருக்கும் நினைவிருக்காது. கலக்கியபின் சில நாளில் தீர்த்துவிட வேண்டியதை மாதக்கணக்கில் வைத்திருந்து, அடுத்த இருமலுக்கு அதே மூடியில் அளந்து ஊற்றினோம். நானும் ஊற்றியிருக்கிறேன்.

சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் எங்கள் பொழுது ஷிப்ட் பஸ்ஸோடு ஓடுகிறது. பிள்ளையின் நெற்றி சுட்டால், கையை எடுக்கும் முன்பே மனசு லீவுக் கணக்குப் போடுகிறது. டாக்டரிடம் போனால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மெடிக்கலில் "போன தடவை கொடுத்தீங்களே, அதே சிரப்" என்றால் இரண்டே நிமிஷம். வைரஸ் காய்ச்சல், தானாகச் சரியாகும், ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்று ஒரு டாக்டர் பொறுமையாகச் சொன்னபோது, ஒன்றுமே எழுதித் தரவில்லையே என்று அவரை விட்டு வேறு டாக்டரைத் தேடிப் போனதும் நாங்கள்தான்.

எங்கள் பக்கமாகப் போகும் பெங்களூரு சாலையில் மேற்கே போனால் வேலூர். எட்டு நாடுகளில் நடந்த மால்-எட் ஆய்வுக்காக, அங்கே சிஎம்சி ஆய்வுக்குழு பச்சைக் குழந்தைகளை இரண்டு வயது வரை பின்தொடர்ந்தது. வாரம் இருமுறை வீடு தேடிப் போய், வயிற்றுப்போக்கா, சளியா, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். எட்டு நாடுகளிலும் சேர்த்து 2,000க்கும் மேற்பட்ட குழந்தைகள். சராசரியாக ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 முறை ஆன்டிபயாட்டிக் என்று 2017இல் கணக்கு வெளியானது. அதைப் படித்துவிட்டு என் மகளுக்கு எத்தனை முறை என்று எண்ணப் பார்த்தேன், முடியவில்லை. தடுப்பூசி அட்டையைப் பிளாஸ்டிக் உறை போட்டுக் காத்தவன், கொடுத்த மருந்தை ஒரு வரி எழுதி வைக்கவில்லை.

பச்சைக் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் வைரஸால் வருவது. ஓஆர்எஸ் கரைசலும் ஜிங்க் மாத்திரையும் கேட்கிற வயிற்றில் ஆன்டிபயாட்டிக்கை ஊற்றினால் நல்ல கிருமிகள் சாகும், மருந்துக்குப் பழகிய கிருமி தங்கும். அது பால்வாடியில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கும் போகும். எங்கள் அவசரத்துக்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

போன மாதம் மகளுக்கு மறுபடி காய்ச்சல். லீவு போட்டு டாக்டரிடம் போனேன். மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மறுபடி தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். மூன்று இரவும் அவள் பக்கத்திலேயே படுத்திருந்தேன். நாலாம் நாள் எழுந்து இட்லி கேட்டாள். தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதினேன்: காய்ச்சல், மூன்று நாள், பாரசிட்டமால் மட்டும்.