நடுவர் மேலாளரான கதை

தொழில்முறை மல்யுத்தத்தைப் 'பொய்' என்று எள்ளிநகையாடும் நம்மவர்க்கு ஒரு கேள்வி. டெடி லோங் என்ற அமெரிக்கரை அறிவீர்களா? 1980களில் நடுவராக நின்றவர். 1989இல், கதைப்படி, ஒரு பக்கம் சாய்ந்து மேலாளரானார். 1990இல் அவரது 'டூம்' அணி இரட்டையர் பட்டம் வென்றது. 1998இல் மீண்டும் நடுவர், 2004இல் 'ஸ்மக்டவுன்' பொது மேலாளர், 2017இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ. புகழ் மண்டபத்தில் இடம். யாவும் முன்னரே எழுதிய நாடகம். பார்ப்பவரும் அதை அறிவர்.

நமது தீவகத்துக்கு வருவோம். ஊர்காவற்றுறையோ நெடுந்தீவோ, ரொறன்ரோவில் இயங்கும் ஊர்ச் சங்கமோ, கோயில் பிணக்கைத் தீர்க்க நடுவராக வந்தவரே மறு ஆண்டு தர்மகர்த்தாவாக வீற்றிருப்பதைக் கண்டதில்லையா? இது எந்த நாடகம்? நடுவராக வந்தவர் நிருவாகப் பதவி ஏற்கலாகாது என்று முதலில் யாப்பில் எழுதுங்கள். பிறகு மல்யுத்தத்தைப் பழிக்கலாம்.