ஊசி முனையில் ஒரு துணுக்கு

உடப்பிலிருந்து தாயொருவர் நீண்ட கடிதம் வரைந்திருக்கிறார். 19 வயது மகளுக்கு இரு கன்னங்களிலும் செந்தடிப்பு, மூட்டுகளில் நோவு, இப்பொழுது கால்களிலும் வீக்கம். கரைவலை இழுக்கும் கரையில் வெயில் பட்டதால் வந்ததென்றே முதலில் எண்ணினார்களாம். இரத்தச் சோதனையில் 'லூபஸ்' என்று தெரிந்தபின், சிறுநீரகத்திலிருந்து துணுக்கெடுத்து 'பயொப்சி' பார்க்க வேண்டுமென்கிறார் வைத்தியர். "நோயின் பெயர்தான் தெரிந்துவிட்டதே! புற்றுநோயென்று ஐயுறுகிறார்களா?" என்று கேட்கிறார் அன்னை.

அந்த ஐயம் அன்று, சகோதரி. வலைக்குக் கயிறு எப்படியோ, அப்படி உறுப்புகளைப் பிணைத்துத் தாங்குவது தொடுப்பிழையம். உடலின் காவற்படையே தன் உடலைப் பகையென மயங்கித் தாக்கும் நோய்கள் சில தொடுப்பிழைய நோய்கள் எனப்படும். லூபஸ் அவற்றுள் ஒன்று. நோயுற்றோருள் பத்துக்கு ஏறக்குறைய 9 பேர் பெண்கள். இரத்தம் நோயின் பெயரைச் சொல்லும். சிறுநீரகத்தில் அது எவ்வளவு தூரம் புகுந்துவிட்டதென்பதைத் திட்டமாகச் சொல்லாது.

லூபஸ் தாக்கிய சிறுநீரகத்தை 6 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். 3ஆம், 4ஆம் வகுப்புகளில் காலந்தாழ்த்தாது கடும் மருந்து கொடுத்தாக வேண்டும். 6ஆம் வகுப்பிலோ பெரும்பாலும் தழும்பே எஞ்சியிருக்கும். அம்மருந்தால் சிறுநீரகம் மீளாது. அத்தகைய மருந்துகளுள் ஒன்றான சைக்ளோபொஸ்பமைட் தாய்மைப் பேற்றையே கெடுக்கவல்லது. மணமாக வேண்டிய பெண்ணுக்கு அதை ஊகத்தின்பேரில் கொடுப்பது தகுமா?

ஊசிகொண்டு துணுக்கெடுக்கும் முறையை டென்மார்க்கின் ஈவர்சன், புரூன் என்னும் இருவர் 1951இல் விளக்கி வெளியிட்டனர். அவர்கள் நோயாளியை உட்காரவைத்துக் குத்தினார்கள். இன்று குப்புறப் படுக்கவைத்து, இடத்தை மரத்துப்போகச் செய்து, ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே எடுக்கிறார்கள். கிடைப்பது நூல்போன்ற இரண்டொரு துண்டுகளே. பின்னர் சில மணி நேரம் அசையாது படுத்திருக்க வேண்டும். சிறுநீர் சிவப்பதுண்டு, பெரும்பாலும் தானே தெளிந்துவிடும். அஸ்பிரின் உட்கொள்வதாயின் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தொடுப்பிழைய நோய் எல்லாவற்றுக்கும் இச்சோதனை வேண்டியதில்லை. தோல் இறுகும் 'ஸ்கிளீரோடேர்மா'வைத் தேர்ந்த வைத்தியர் பெரும்பாலும் விரல்களைத் தொட்டே அறிந்துகொள்வார். கண்ணும் வாயும் வறளும் 'ஷோக்ரன்' நோயில், தேவையானால், உதட்டின் உட்புறத்துச் சிறு சுரப்பிகள் சிலவே போதும்.

திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு முடியட்டும் என்கிறாராம் பாட்டியார். கால் வீங்கியபின் வாரக்கணக்கில் தள்ளிப்போடலாகாது. சோதனையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். பிள்ளை கோயிலுக்குச் செல்ல வைத்தியர் இசைந்தால், வெயில் தாழ்ந்தபின் அழைத்துச் செல்லுங்கள். வெயில் இந்நோயைக் கிளறிவிடும்.