வெந்ததா? எப்போ வெந்தது? கணக்கைத் தமிழில் சொல்லுங்க!



குமரிக் கடலில் எண்ணெய், எரிவாயு தேடுவதற்கு மூன்று வட்டாரங்களை மத்திய அரசு 2024-ல் ஏலம் விட்டது. 2025-ல் அவை ஓ.என்.ஜி.சி. நிறுவனத்துக்குக் கிடைத்தன. கடற்கரை ஊர்களில் எதிர்ப்பு எழுந்தது. வேணும், வேண்டாம் என்று இரண்டு பக்கமும் பேச்சு நடக்குது. ஆனா கடலுக்கு அடியில் எண்ணெய் இருக்குன்னு எப்படிக் கணிக்கிறாங்க? அதைக் கேட்கிறவங்க குறைவு.

நம்ம ஊர்ல அக்கானி காய்ச்சுறதைப் பார்த்திருப்பீங்க. தீ போதலைன்னா அக்கானி அக்கானியாவே கிடக்கும். பதம் வந்தால் கருப்பட்டி. பதம் தப்பினால் கருகிப் போகும். பாறையும் அப்படித்தான். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் சேற்றில் புதைந்த பாசி, செடி மிச்சங்கள் ஆழத்துக்குப் போகப் போகச் சூடாகின்றன. இப்படிப்பட்ட பாறைக்கு மூலப்பாறை என்று பெயர். ஏறக்குறைய 60 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை எண்ணெய்ப் பதம். அதுக்கு மேலே எரிவாயு. இன்னும் மேலே போனால் கரிதான் மிச்சம்.

பதம் தப்பிய பாறை நம்ம காலடியிலேயே இருக்கு. குமரி மாவட்டத்துச் சார்னகைட், கோண்டலைட் பாறைகள் சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன்னால் 700 டிகிரிக்கும் மேலே வெந்தவை. அதனால் நாஞ்சில் நாட்டு வயலில் எண்ணெய்க் கிணறு தோண்ட யாரும் வரமாட்டாங்க. வண்டல் கனமாகப் படிந்த இடத்தில்தான் தேடணும். காவிரிப் படுகையில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது அப்படித்தான். நமக்குக் கிழக்கே மன்னார் படுகையில், இலங்கைப் பக்கம், கெய்ர்ன் நிறுவனம் 2011-ல் இரண்டு கிணறுகளில் எரிவாயு கண்டது. அடுத்த கிணறு வெறுமை!

கிணறு தோண்டச் செலவு அதிகம். அதனால் பாறை வெந்திருக்குமா என்று முதலில் கணினியில் போட்டுப் பார்க்கிறாங்க. நாமும் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சூடு 30 டிகிரி கூடும் என்று வைங்க. ஆழ்கடல் தரை 4 டிகிரி குளிர். அங்கே 90 டிகிரி வர, தரைக்குக் கீழே சுமார் 2.9 கிலோமீட்டர் போகணும். 30-க்குப் பதிலா 25 என்று வைத்தால் 3.4 கிலோமீட்டர். 35 என்றால் 2.5. ஒரே ஒரு எண்ணை மாற்றினதுக்கே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வித்தியாசம்!

சூடு மட்டும் போதாது, காலமும் வேணும். 10 டிகிரி கூடினால் வேகும் வேகம் இரட்டிக்கும் என்று ரஷ்ய விஞ்ஞானி லோபாட்டின் 1971-ல் ஒரு கணக்கு முறை தந்தார். எப்போ வெந்தது என்பதும் முக்கியம். எண்ணெய் கிளம்பிப் போன பிறகு அதைத் தேக்கும் பாறை அமைப்பு உருவானால் என்ன லாபம்? மழை வெள்ளம் ஓடி முடிஞ்ச பிறகு குளத்துக்குக் கரை கட்டின கதைதான். கணக்கு சரியா என்று பார்க்க, பாறையில் உள்ள பழைய மரத்துணுக்கை மெருகேற்றி, நுண்ணோக்கியில் அதன் பளபளப்பை அளக்கிறாங்க. 0.6 சதவீதம் ஒளி திரும்பினால் எண்ணெய்ப் பதம் தொடக்கம், 1.3 தாண்டினால் வாயு. ஆனா அந்தத் துணுக்கு கிடைக்கவே ஒரு கிணறு வேணுமே!

அதனால்தான் சொல்றேன். கணினி தருவது ஒரு ஊகம். நல்ல ஊகம்தான், ஆனா ஊகம். எந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டாங்க, எவ்வளவு கூடக் குறைய வரும் என்பதை எளிய தமிழில் எழுதி, கடற்கரை ஊர்களில் வைத்து விளக்கணும். குமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் மீன்வளத்துக்குப் பேர்போன இடம். 1976-ல் இலங்கையோடு பேசி இந்தியா உரிமை பெற்ற இடம். பாறை எத்தனை டிகிரியில் வெந்தது என்று சொல்லும் கணக்கு, அங்கே மீனுக்கு என்ன ஆகும் என்று ஒரு வார்த்தையும் சொல்லாது. அதுக்குத் தனி ஆய்வு வேணும், அதுவும் தமிழில் வேணும். இரண்டையும் கடலுக்குப் போகிறவங்க முன்னால் வைக்கும் வரை அங்கே ஒரு துளைகூடப் போடக் கூடாது என்பது என் கருத்து.

விஞ்ஞானம் புரியாதவங்க எதிர்க்கிறாங்க என்று சிலர் சொல்றாங்க. புரியும்படி சொன்னீங்களா என்று நாம திருப்பிக் கேட்கணும். உங்க கருத்து வேற என்றால் அடுத்த இதழில் எழுதுங்க, படிக்கக் காத்திருக்கிறேன்.

— 11-ஆம் வகுப்பு, அறிவியல் பிரிவு