300 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

சாங்கி விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கு நேர்க்கோட்டில் சுமார் 300 கிலோமீட்டர். பயணிகள் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் மேல் பறக்கக்கூடியது. வகுத்துப் பார்த்தால் அரை மணி நேரம்கூட ஆகக்கூடாது. ஆனால், பயண அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் போட்டிருக்கிறார்கள். ஏன்?

அட்டவணையில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் புறப்பாட்டு வாயிலைவிட்டு நகர்வதிலிருந்து, சேருமிடத்தில் வாயிலை அடைந்து நிற்பது வரையிலான நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் வரிசையில் காத்திருப்பதும் அதில் அடங்கும். வானில் இருப்பது ஏறத்தாழ முக்கால் மணி நேரம்தான். அதிலும் பெரும்பகுதி ஏறுவதிலும் இறங்குவதிலும் கழிந்துவிடும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டர் என்ற வேக வரம்பும் உண்டு. முழு வேகம் பிடித்த சற்று நேரத்தில் இருக்கைவாரை மாட்டச் சொல்லிவிடுவார்கள். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குச் சுமார் 2,900 கிலோமீட்டர். தூரம் பத்து மடங்கு. நேரமோ நான்கு மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சிங்கப்பூர் - கோலாலம்பூர் அதிவேக ரயில் பேச்சு எழும்போதெல்லாம், “விமானத்தில் ஒரு மணி நேரம், ரயிலில் 90 நிமிடம், பிறகு ரயில் எதற்கு?” என்ற கேள்வியும் எழுகிறது. 2016ல் ஒப்பந்தமாகி 2020 இறுதியில் கைவிடப்பட்ட அந்தத் திட்டத்தில் 350 கிலோமீட்டர் பாதைக்குச் சொல்லப்பட்டது 90 நிமிடம். 2023ல் மலேசியா தனியாரிடம் புதிய யோசனைகளைக் கேட்டதால் பேச்சு மீண்டும் சூடுபிடித்தது.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைப்பது சரியான ஒப்பீடாகாது. வீட்டிலிருந்து சாங்கிக்கு ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். போய் இறங்கியதும் குடிநுழைவு வரிசை. பிறகு கேஎல் சென்ட்ரலுக்கு விரைவு ரயிலில் 28 நிமிடம். எல்லாம் சேர்ந்தால் ஐந்து மணி நேரத்தை எட்டிவிடும். அதாவது மணிக்கு 60 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் லாரி போகும் வேகம்! சோதனைச்சாவடியில் நெரிசல் இல்லாத நாளில் பேருந்தும் ஐந்தாறு மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

ரயில் ஆதரவாளர்களின் கணக்கும் முழுமையானதன்று. ஜூரோங் ஈஸ்ட்டுக்குப் போகும் நேரமும் சோதனைக்குக் காத்திருக்கும் நேரமும் அந்த 90 நிமிடத்தில் இல்லை. இரு தரப்பும் வீட்டு வாசலிலிருந்து கணக்கைத் தொடங்கட்டும். இத்தகைய திட்டம் மீண்டும் வந்தால், அதன் கடனைப் பல ஆண்டுகள் வரியாகச் செலுத்தப்போவது இன்று வகுப்பறையில் இருக்கும் நீங்கள்தான்.

அடுத்த விடுமுறையில் கோலாலம்பூர் போகிறவர்கள், வீட்டைப் பூட்டிய நேரத்தையும் அங்கே உறவினர் வீட்டுக் கதவைத் தட்டிய நேரத்தையும் குறித்துவைத்து எங்களுக்கு எழுதுங்கள்.