இசக்கியின் கையும் நட்சத்திரங்களின் கணக்கும்

"அண்ணே, நம்ம ஆளு டைரக்‌ஷன்ல ரஜினியே நடிச்சுட்டாரு. இன்னும் என்னண்ணே வேணும் உங்களுக்கு?"

மாணவர் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது ஒரு தம்பி கேட்டது. நியாயமான சந்தோஷம்தான். போஸ்டர் ஒட்டி, கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றி, கூலியை விட்டுவிட்டு முதல் காட்சிக்கு வரிசையில் நின்று அடிபட்டு இந்த நட்சத்திரங்களை வளர்த்ததில் சேரிக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தச் சேரியிலிருந்து வந்த ஒருவன் 'ஆக்‌ஷன்' சொல்ல, சூப்பர் ஸ்டார் நடந்து வருகிறார் என்றால் விசிலடிக்கத்தான் தோன்றும். அடிக்கட்டும். விசில் அடங்கின பிறகு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. யார் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? எதற்காக?

'கதை கேட்டேன், பாத்திரம் மனசைத் தொட்டது, ஒப்புக்கொண்டேன்' என்று நடிகர்கள் பேட்டியில் சொல்வார்கள். ஏதோ கலைஞனின் மனசுக்குள் நடக்கிற ரகசியம் போல. ரகசியமெல்லாம் ஒன்றும் இல்லை. வருஷங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் போதும்.

1992இல் ஆர்.வி. உதயகுமார் இயக்கிய 'சின்ன கவுண்டர்' ஓடுகிறது. அடுத்த வருஷம் அதே உதயகுமார் இயக்கத்தில் ரஜினி 'எஜமான்'. 1994இல் கே.எஸ். ரவிக்குமார் இயக்கிய 'நாட்டாமை' ஓடுகிறது. அடுத்த வருஷம் அதே ரவிக்குமார் இயக்கத்தில் ரஜினி 'முத்து'. 2014இல் பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' ஓடுகிறது. அதே வருஷம் ரஜினியின் 'கோச்சடையான்', 'லிங்கா' இரண்டும் விழுகின்றன. 'லிங்கா'வுக்கு நஷ்ட ஈடு கேட்டு விநியோகஸ்தர்கள் உண்ணாவிரதமே உட்கார்ந்தார்கள். 2016இல் ரஞ்சித் இயக்கத்தில் 'கபாலி' வருகிறது.

கவுண்டரைக் கும்பிடச் சொன்ன இயக்குநரையும், நாட்டாமையின் தீர்ப்பைத் தெய்வ வாக்காக்கிய இயக்குநரையும், வடசென்னைச் சுவரில் அதிகாரத்தைப் படித்துக் காட்டிய இயக்குநரையும் ஒரே கண்தான் பார்த்திருக்கிறது. எந்தக் குதிரை ஓடுகிறது என்று பார்க்கிற கண் அது. மனமாற்றம் என்று நாம் கொண்டாடியது இருபது வருஷத்துக்கு மேலாக மாறாத ஒரு வழக்கம்.

சினிமாக்காரர்கள் தமிழ்நாட்டை மாவட்டமாகப் பார்ப்பதில்லை, 'ஏரியா'வாகப் பார்க்கிறார்கள். செங்கல்பட்டு, வட-தென் ஆற்காடு, திருச்சி-தஞ்சை, சேலம், கோவை, மதுரை-ராமநாதபுரம், நெல்லை-கன்னியாகுமரி. ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு விலை. இந்த வரைபடத்துக்கு அடியில் இன்னொரு வரைபடம் இருக்கிறது, அது சாதியின் வரைபடம். எந்த ஏரியாவில் எந்த மீசை விலை போகும், எந்தப் பட்டப் பெயர் தலைப்பில் இருந்தால் தியேட்டர் நிறையும் என்கிற கணக்கு கதை கேட்கிற அறைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. தலித்தின் டிக்கெட் காசு எல்லா ஏரியாவிலும் வசூலில் சேரும். தலித்தின் சாதி எந்த ஏரியாவிலும் தலைப்பில் சேராது. நம்மவன் எந்த நடிகர் நடித்தாலும் பார்ப்பான், அவனுக்கென்று தனியாகப் படம் எடுக்க வேண்டியதில்லை என்பதுதான் இத்தனை காலமும் அவர்கள் போட்ட கணக்கு.

இது ரஜினியோடு தொடங்கியதும் இல்லை. 1956இல் எம்.ஜி.ஆர். 'மதுரை வீர'னாக நடித்தார். அருந்ததிய மக்கள் தங்கள் குலத்து வீரனாகக் கும்பிடுகிற சாமி. படத்தில் அவன் அரசனுக்குப் பிறந்து, காட்டில் விடப்பட்டு, செருப்புத் தைக்கும் தம்பதியால் வளர்க்கப்பட்டவன். கதைப்பாடலிலேயே இந்த ராஜரத்தம் ஏறிவிட்டது என்பார்கள். இருக்கட்டும், கையில் இருந்த கதைகளில் எதை எடுத்தார்கள் என்பதுதானே நம் கேள்வி. நாற்பது வருஷம் கழித்து 'முத்து'விலும் அதே சரக்கு. வண்டியோட்டும் வேலைக்காரன் கடைசியில் பார்த்தால் ஜமீன் வாரிசு. உழைக்கிறவன் வேஷம் கட்டலாம், உழைக்கிறவனுக்குப் பிறந்தவனாக மட்டும் இருந்துவிடக் கூடாது!

இப்போது கமலுக்கு வருவோம். 'சந்தைக் கணக்குப் பார்க்காத கலைஞர்' என்று அறிவாளிகள் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்களே, அவருக்கு. 1992 தீபாவளிக்கு வந்த 'தேவர் மகன்' அவரே திரைக்கதை எழுதி, அவரே தயாரித்த படம். இயக்குநர் பரதன். யாரும் கையை முறுக்கி நடிக்க வைக்கவில்லை. கடைசியில் வெட்டுக்குத்தை விட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்கிறாரே என்று வாதிடுவார்கள். சரிதான், சொல்கிறார். ஆனால் அந்தப் படத்தில் இசக்கி என்று ஒருவன் இருக்கிறான். வடிவேலு நடித்த பாத்திரம். சின்னய்யா சொன்னார் என்று கோயில் பூட்டை உடைக்கிறான். அதற்காக அவன் கையை வெட்டிவிடுகிறார்கள். பெரிய வீட்டுப் பங்காளிச் சண்டையில் கை போனவன் இசக்கி. ஆஸ்பத்திரியில் ஒரு காட்சி, அவ்வளவுதான். படம் பெரிய வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுகிறது. இசக்கி என்ன சாதி என்று படம் சொல்வதில்லை. தெக்கத்திச் சேரிகளில் பார்த்தவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

படம் வந்த பத்தாண்டு எப்படிப்பட்ட பத்தாண்டு? 1995 ஆகஸ்டில் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீடு வீடாக நொறுக்கியது. 1997 ஜூனில் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனோடு சேர்த்து ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1999 ஜூலையில் தாமிரபரணி ஆற்றில் 17 பேர் செத்தார்கள். சினிமா பார்த்துவிட்டுத்தான் வெட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை, அது சோம்பேறி விமர்சனம். ஆனால் அந்தப் படத்துப் பாட்டு ஊர்வலங்களில் ஸ்பீக்கர் கட்டிப் போடப்பட்டபோது அது யார் தெருவைப் பார்த்துப் பாடியது என்று அந்தத் தெருவில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

"அதெல்லாம் பழைய கதைண்ணே, இப்ப மாறிப் போச்சுல்ல" என்கிறான் தம்பி. மாறியிருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். 'கபாலி'யின் தொடக்கத்தில் சிறைக்குள் ரஜினி கையில் ஒய்.பி. சத்தியநாராயணா எழுதிய தலித் குடும்ப வரலாறு இருக்கிறது. கோட்டு போடுவதன் அரசியலை அவர் வாயால் கேட்டோம். 'காலா'வில் தாராவி மண்ணுக்காக நிற்கிறார், ராவணன் பக்கத்துக் கதை சொல்லப்படுகிறது. நாம் நூறு துண்டறிக்கை அச்சடித்தாலும் போய்ச் சேராத இடங்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. அதைச் சாதித்தது ரஞ்சித். நட்சத்திரம் கொடுத்தது உடம்பும் கால்ஷீட்டும்.

உடம்பைக் கொடுத்தவர் மனசையும் கொடுத்தாரா? 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டுக்கு எதிராகப் போராடிய 13 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். அங்கே போய்வந்த ரஜினி, சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்றார். எதற்கெடுத்தாலும் போராட்டம் என்றால் நாடு சுடுகாடாகிவிடும் என்றார். ஒரு வாரம் கழித்து 'காலா' வந்தது. திரையில் போலீசை எதிர்த்து நிற்கச் சொன்ன அதே வாய். 2020இல் 'தர்பார்', அதே மும்பையில் என்கவுன்டர் செய்கிற போலீஸ் கமிஷனர். 2024இல் 'வேட்டையன்' என்கவுன்டரைக் கேள்வி கேட்கிறது, நிஜம். அதிலும் நாயகன் சுடுகிற அதிகாரிதான். சுடப்பட்டுச் சாகிற சேரிப் பையனின் பாத்திரம் நட்சத்திரத்துக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

இதுதான் கவனிக்க வேண்டிய இடம். நல்ல படத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தப் படத்துக்குள்ளே தனக்கென்று எந்த நாற்காலியை எடுத்துக்கொண்டார்? 2021இல் 'ஜெய் பீம்' வந்தது. 1993இல் நடந்த காவல் நிலையக் கொலையும் அதன் வழக்கும். நிஜத்தில் குறவர் குடும்பம், படத்தில் இருளர். சூர்யா எடுத்துக்கொண்டது வக்கீல் சந்துருவின் பாத்திரம். அடிபட்டுச் சாகிறவர் மணிகண்டன், நீதிக்கு அலைகிறவர் லிஜோமோள் ஜோஸ். படம் முக்கியமானது, லாக்கப்புக்குள் நடப்பதை வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதில் மீட்பர் நட்சத்திரம், மீட்கப்படுகிறவர் நட்சத்திரம் இல்லை. 2019இல் 'அசுர'னில் தனுஷ் வீடு வீடாகப் போய்க் காலில் விழுகிற தகப்பனாகத் தானே நடித்தார். 2024இல் 'தங்கலா'னில் விக்ரம் கோவணத்தோடு நின்றார். இந்த வித்தியாசத்தைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 'மெட்ராஸ்' நடித்த கார்த்தி அடுத்த வருஷமே முத்தையா இயக்கத்தில் 'கொம்பன்' நடித்தார். 2021இல் 'ஜெய் பீம்' தயாரித்த அதே கம்பெனி 2022இல் கார்த்தியை வைத்து, அதே முத்தையா இயக்கத்தில் 'விருமன்' தயாரித்தது. ஒரே கடையில் ரெண்டு சரக்கு. நீலத் துண்டுக்கு ஒன்று, வீச்சரிவாளுக்கு ஒன்று. கடைக்காரருக்குக் கொள்கை இல்லை என்று திட்டிப் புண்ணியமில்லை. கடைக்காரரைத் தலைவர் ஆக்கினால் அது நம் தப்பு.

அப்படியானால் என்னதான் நடந்திருக்கிறது? இசக்கியிடமே திரும்பிப் போவோம். 2023இல் 'மாமன்னன்' பாடல் வெளியீட்டு விழாவில், கமலை மேடையில் வைத்துக்கொண்டே மாரி செல்வராஜ் பேசினார். 'தேவர் மகன்' தனக்குள் கிளப்பிய வலியைச் சொன்னார், அந்த இசக்கிதான் இந்த மாமன்னன் என்றார். 31 வருஷத்துக்கு முன்னால் கை வெட்டுப்பட்டவனாக நடித்த அதே வடிவேலு இப்போது சட்டமன்ற உறுப்பினர், எதிரே இருப்பவன் உட்காரச் சொல்லாத நாற்காலியில் உட்காரப் போராடுகிறவர். தன்னைச் சிரிப்புக்கு மட்டுமே பயன்படுத்திய சினிமாவில், அந்த முகத்தில் அத்தனை துக்கம் இருந்ததை நாம் பார்த்தோம். இங்கே நடிகர் பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. இயக்குநர் நடிகரைத் தேர்ந்தெடுத்தார். வெட்டுப்பட்ட கையைத் தேடிப் போய் எடுத்து ஒட்டவைத்தார். எனக்கு ரஜினியின் கோட்டைவிட இது பெரிது.

அதிலும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். 'மாமன்னன்' படத்தைத் தயாரித்து உடன் நடித்தவர் அன்று ஆளுங்கட்சி மந்திரியாக இருந்த உதயநிதி. படம் வருவதற்கு ஆறு மாதம் முன்னால்தான், 2022 டிசம்பரில், வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்து கிடந்தது. திரையில் நாற்காலி கிடைத்தது. வேங்கைவயலுக்கு என்ன கிடைத்தது?

ஆகவே தம்பிக்கு நான் சொன்னது இதுதான். படத்தைப் பாரு, கைதட்டு. நன்றி மட்டும் சொல்லாதே. ஒரு நட்சத்திரம் நம் பக்கம் வந்தால் மூணு கேள்வி கேளு. இந்த இயக்குநரின் முந்தைய படம் தோற்றிருந்தால் கூப்பிட்டிருப்பாரா? வெட்டுப்படுகிற கை யாருடையது, தீர்ப்புச் சொல்கிற வாய் யாருடையது? அடுத்த படம் என்ன? கேட்டால் நடக்குமா என்று யோசிக்காதே. 2003இல் 'சண்டியர்' என்று கமல் பேர் வைத்தபோது கிருஷ்ணசாமி எதிர்த்தார். படம் 'விருமாண்டி'யாகத்தான் வந்தது. தலைப்பு மாறினால் சாதி ஒழிந்துவிடாது. ஆனால் கதை கேட்கிற அறையில் நமக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது என்று அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்தது.

தம்பி டீ கிளாசை வைத்துவிட்டு, "அப்ப நம்ம பயலுவதான் நிறைய படம் எடுக்கணும்ணே" என்றான். எடுக்கணும்டா. எழுதணும், எடுக்கணும், காசு போடணும், தியேட்டர் பிடிக்கணும். யாரை நடிக்கக் கூப்பிடுவது என்று அப்போது நாம் முடிவு செய்யலாம்.